இருவர் விடை, ஓர் அலகு: தம்பதியர் ஆய்வில் புள்ளியியல் முறைகளின் வளர்ச்சி

முன்னுரை

வழக்கமான புள்ளியியல் சோதனைகள், ஒரு பதிவு இன்னொன்றைச் சாராதது என்ற எடுகோளின் மேல் நிற்பவை. தம்பதியர் தரவு அந்த எடுகோளுக்கு அடங்குவதில்லை. கணவரின் விடையை அறிந்தால் மனைவியின் விடையை ஓரளவு ஊகித்துவிடலாம். இந்தச் சார்பை ஆய்வாளர்கள் முதலில் ஒதுக்கினர், பின்னர் பிழை எனத் திருத்தினர், இறுதியில் அதையே ஆய்வுப்பொருளாக்கினர் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. தனிப் பட்டியலும் வேறுபாட்டு மதிப்பெண்ணும்

அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியாவின் 792 தம்பதியரிடம் தரவு திரட்டி, மணவாழ்வு மகிழ்ச்சி குறித்த நூலை 1938இல் வெளியிட்டார். கணவரும் மனைவியும் தனித்தனியே வினாத்தாளை நிரப்பினர். கணவர்களை ஒரு தொகுதியாகவும் மனைவியரை மற்றொரு தொகுதியாகவும் பகுத்தாய்ந்தால் எடுகோள் மீறப்படாது. ஆனால் இருவருக்கும் இடையில் நடப்பது கணக்கில் வராது.

இருவரையும் சேர்த்துப் பார்க்க எளிதாகக் கிடைத்த வழி, ஒருவர் மதிப்பெண்ணிலிருந்து மற்றவருடையதைக் கழிப்பது. ஒரு வீட்டில் கணவர் 9, மனைவி 7. இன்னொரு வீட்டில் கணவர் 4, மனைவி 2 என்று கொள்வோம். இரண்டிலும் வேறுபாடு 2தான். நிறைவோடு வாழும் தம்பதியும் கசந்துபோன தம்பதியும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றனர். இத்தகைய ஒற்றை எண்ணுக்குள் பல கூறுகள் கலந்து கிடப்பதை லீ குரோன்பாக் 1955இல் விரிவாக எடுத்துக்காட்டினார்.

2. யார் முதலில், யார் இரண்டாவது?

கணவன்–மனைவி இணையை ஒட்டுறவுக் கெழுவுக்காக வரிசைப்படுத்துவது எளிது. ஒருபாலினத் தம்பதியரில் யாரை முதல் நிரலில் எழுதுவது? மாற்றி எழுதினால் கெழுவும் மாறும். சகோதரர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதே சிக்கலை ரொனால்ட் ஃபிஷர் 1925ஆம் ஆண்டு நூலில் விளக்கியிருந்தார். ஒவ்வோர் இணையையும் முன்பின்னாக மாற்றி இருமுறை பதிந்து கணக்கிடும் உட்குழு ஒட்டுறவே அவர் விவரித்த முறை. வேறுபடுத்த இயலாத இணைகளுக்கு இம்முறையை விரிவாக்கி, அதற்கேற்ற சோதனைகளையும் டேல் கிரிஃபின், ரிச்சர்ட் கொன்சாலஸ் இருவரும் 1995இல் வழங்கினர்.

3. சார்பைப் புறக்கணிப்பதன் விலை

டேவிட் கென்னி, சார்ல்ஸ் ஜட் ஆகியோரின் 1986ஆம் ஆண்டுக் கட்டுரை, சார்பின்மை மீறப்பட்டால் மாறுபாட்டுப் பகுப்பாய்வு எப்படிப் பிறழும் என்பதை ஆராய்ந்தது. பிறழ்வு ஒரே திசையில் செல்வதில்லை. 100 தம்பதியர், இருவர் விடைகளுக்கிடையே ஒட்டுறவு 0.5 எனக் கொள்வோம். மணமாகி எத்தனை ஆண்டு என்பது போல இருவருக்கும் பொதுவான காரணியை ஆராய்ந்தால், 200 பேரின் தரவு ஏறத்தாழ 133 பேரின் தகவலையே தரும். 200 என்றே கணக்கிட்டால் இல்லாத விளைவு இருப்பதாகத் தோன்றும். கணவன்–மனைவி வேறுபாட்டை ஆராய்ந்தாலோ, அவ்வேறுபாட்டின் உண்மையான பரவற்படி, சார்பைப் புறக்கணித்துக் கணக்கிட்டதில் பாதிதான். இருக்கும் விளைவு கண்ணில் படாமல் போகும்.

4. சார்பே ஆய்வுப்பொருளாதல்

தம்பதியர் ஒத்திருப்பதற்குக் காரணம் பல. ஒருவர் இயல்பு மற்றவரைப் பாதிக்கலாம். இருவர் மனநிலையும் ஒன்றையொன்று மாறிமாறி பாதிக்கலாம். கடன், வேலையிழப்பு போன்ற பொதுச் சூழல் இருவரையும் சேர்த்தே அழுத்தலாம். கென்னி 1996இல் இம்மூன்றையும் தனித்தனி மாதிரிகளாக வகுத்தார். முதலாவது வழியில் வளர்ந்ததே தன்விளைவு–துணைவிளைவு மாதிரி. மனைவியின் பதற்றம் அவருடைய நிறைவைக் குறைப்பது தன்விளைவு. அதே பதற்றம் கணவரின் நிறைவைக் குறைப்பது துணைவிளைவு. இரண்டும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் மதிப்பிடப்படுகின்றன. ஸ்டீபன் ராடன்புஷ் குழுவினர் 1995இல் தம்பதியர் மாற்றங்களுக்கு முன்வைத்த பன்னிலை மாதிரி, காலப்போக்கையும் இணைத்தது. கென்னி, டெபரா கேஷி, வில்லியம் குக் மூவரும் 2006இல் எழுதிய நூல் இம்முறைகளைத் தொகுத்தளித்தது.

முடிவுரை

ஜான் திபோ, ஹெரால்ட் கெல்லி இருவரும் பரஸ்பரச் சார்புக் கோட்பாட்டை 1959இலேயே முன்வைத்துவிட்டனர். அதைத் தரவில் சோதிக்கும் கருவிகள் பரவலாகக் கைக்கு வர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. அதுவரை, கேள்வி இருவரைப் பற்றியதாக இருந்தும் விடை ஒருவரைப் பற்றியதாகவே வந்தது. புதிய முறைக்கும் எல்லை உண்டு: ஒரே வேளையில் திரட்டிய தரவில் தெரியும் துணைவிளைவு, காரணத்தை மெய்ப்பிப்பதில்லை. பொதுச் சூழலைத் தனியே அளக்காத ஆய்வு, கடனின் சுமையைத் துணைவர் மேல் ஏற்றிவிடக்கூடும்.