கட்டியெனத் தோன்றிய புழு

தோற்றம் ஒன்றாயினும் பொருள் வேறாதல் உண்டு. 1895இல் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1971இல் இலண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவரின் மூளை சீ.ரீ. படத்திற் பதிவாயிற்று. மறைந்தது புலப்பட்டது, புதியதோர் ஐயமும் உடன்பிறந்தது.

வலிப்புற்ற இந்தியர் பலரின் படங்களில் வளையம்போல் ஒளிரும் சிறு புள்ளியொன்று காணப்பட்டது. காசநோய்க் கட்டியெனக் கொண்டு பலர்க்கு மாதக்கணக்கிற் காசமருந்து அளித்தனர். புள்ளி மறையவே அக்கருத்து வலுப்பெற்றது. ஆயின் வலிப்பு மருந்து மட்டும் உண்டார்க்கும் அது மறைந்ததன்றோ!

யேக்கப் சாண்டி 1949இல் நரம்பறுவைத் துறை தொடக்கிய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், சில புள்ளிகளை அறுத்தெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். கண்டது பன்றி நாடாப்புழுவின் குடம்பி. 1989இல் 'லான்செற்' இதழில் அதனை வெளியிட்டனர். பின்னர் வேதாந்தம் இராஜசேகர் முதலியோர் குறிகள் வகுத்தனர்: புள்ளி ஒன்றே, 20 மில்லிமீற்றருக்கு மேற்படாதது, மண்டையழுத்த மிகுதியும் பெருகிவரும் நரம்புக் குறைபாடும் இல்லை. இவை பொருந்தின் வலிப்பு மருந்தளித்து, மீண்டும் படமெடுத்து நோக்குவர், மண்டையைத் திறவார்.

பன்றியிறைச்சி உண்ணாதாரும் இந்நோய்க்கு விலக்கல்லர். புழுவுடையார் மலத்திலுள்ள முட்டை, கழுவாக் கையாலும் காய்கறியாலும் நீராலும் பிறர் வயிற்றை அடையும். ஆதலின் அட்டன், நுவரெலியாத் தோட்ட லயன்களுக்கு நன்னீரும் மலகூடமும் அமைத்தல் மூளையைக் காக்கும் மருத்துவமுமாம். வலிப்பைப் பேயென்று மருளாமையும், படத்தின் நிழலைக் கண்டு புற்றென்று அஞ்சாமையும், தேர்ந்து தெளிதலும் கற்றார் கடன்.