சி போனால் போகட்டும், டி இருக்குத்தானே?

கொம்பியூட்டர் திருத்தக் குடுத்த எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும்: "சியில முக்கியமா ஏதும் இருக்கா?" இல்லை எண்டு சொன்னால், கடைக்காரர் ஃபோமற் அடிச்சு விண்டோஸைத் திரும்பப் போட்டுத் தருவார். சி மெஷினுக்கு, டி எங்களுக்கு. இந்த எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது, அது எங்கட பொருட்களை உண்மையில் காப்பாற்றுகிறதா என்று பார்த்தால், அதற்குப் பின்னால் ஐம்பது வருடத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார்கள். சில வருடங்களுக்குள் அது இரண்டு டிஸ்க்குகளில் ஓடியது. சின்னதில் சிஸ்டம், பெரியதில் ஆட்களின் கோப்புகள். 'யூசர்' என்ற சொல்லைச் சுருக்கி அந்த இரண்டாவது இடத்துக்கு 'யு.எஸ்.ஆர்.' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் சிஸ்டம் வளர்ந்தது. சின்ன டிஸ்க்கில் இடம் காணாமல் அதன் புரோகிராம்கள் ஆட்களின் இடத்துக்குள் வந்து குந்தின. கடைசியில் அந்த இடம் முழுக்க சிஸ்டத்துக்கே போனது. ஆட்களுக்கு 'ஹோம்' என்று புதிதாக ஒரு இடம் ஒதுக்க வேண்டி வந்தது. லினக்ஸில் இன்றைக்கும் அப்படித்தான்.

மேசைக் கணினியின் கதை வேறு. 1981இல் வந்த ஐ.பி.எம். பீ.சி.யில் ஒரு ஃப்ளொப்பி 160 கிலோபைட் பிடிக்கும். ஏ ட்ரைவில் புரோகிராம், பீ ட்ரைவில் உங்கட கடிதம். டொஸ் ஃப்ளொப்பி பழுதானால் இன்னொன்றைப் போடலாம்; கடிதத்துக்கு ஒன்றும் நடக்காது. இரண்டும் கையில் தனித்தனியாகப் பிடிக்கக்கூடிய பொருட்கள். 1983இல் 10 மெகாபைட் ஹாட் டிஸ்க்கோடு ஐ.பி.எம். எக்ஸ்.டி. வந்தது. ஏயும் பீயும் ஃப்ளொப்பிக்குப் போய்விட்டதால் அது சி ஆனது. எல்லாம் ஒரே இடத்தில் கலந்ததும் அப்போதுதான்.

அப்ப டி? அது பாதுகாப்புக்காகப் பிறந்ததில்லை. 1987இல் வந்த டொஸ் 3.3இல் டிஸ்க்கின் ஒரு பிரிவு 32 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கினவர் பிரித்தே ஆகவேண்டும். விண்டோஸ் 95இன் முதல் பதிப்பில் அந்த எல்லை 2 ஜிகாபைட். பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. பிரிக்கிற பழக்கம் மட்டும் நிலைத்தது. விண்டோஸ் அடிக்கடி கெட்டுப்போன காலத்தில், சியை அழித்தாலும் டி தப்பும் என்று கண்ட சாதாரண பாவனையாளர்களும் கடைக்காரர்களும் அந்தக் குறைபாட்டை ஒரு காவலாக மாற்றிக்கொண்டார்கள்.

மைக்ரோசொஃப்ட் போட்ட கோடு வேறு. 'மை டொக்யுமென்ட்ஸ்' என்று தனியாக ஒரு ஃபோல்டர் தந்தார்கள். ஆனால் அது சிக்குள்ளேயே இருந்தது. எக்ஸ்.பி. காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஈமெயில்களை மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில் வைத்தது. டொக்யுமென்ட்ஸை மட்டும் கொப்பி பண்ணினவரின் கடிதங்கள் ஃபோமற்றோடு போயின. 2012இல் விண்டோஸ் 8, தனிப்பட்ட கோப்புகளை விட்டுவிட்டுச் சிஸ்டத்தை மட்டும் புதுப்பிக்கும் வசதியைத் தந்தது. விண்டோஸ் 10இலும் 'என் கோப்புகளை வைத்திரு' என்று ஒரு தெரிவு இருக்கிறது. 'என்' கோப்பு எது என்று முடிவுசெய்வது மட்டும் நாங்கள் இல்லை.

எங்கட ஊர் உதாரணம் பாமினி. இலங்கையில் எத்தனையோ சங்க அறிக்கைகளும் கோயில் மலர்களும் கல்வெட்டுகளும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது தமிழ் இல்லை: எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இருப்பதோ சியில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். கோப்பு டியில் பத்திரமாக இருக்கும். சியைத் திரும்பப் போட்ட பிறகு திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல். ஒன்றுமே அழியவில்லை, ஆனால் வாசிக்கவும் ஏலாது. பாமினியைத் திரும்பப் போட்டால் தமிழ் வந்துவிடும். ஆனால் அது தெரியாதவர், கோப்பு பழுது எண்டு நினைச்சு அழிச்சுவிடக்கூடும். லினக்ஸில் எழுத்துருவை ஹோமுக்குள்ளேயே வைக்கலாம். ஹோம் தனிப் பிரிவாக இருந்து, அதை ஃபோமற் பண்ணாமல் விட்டால், சிஸ்டம் மாறினாலும் எழுத்துரு கூடவே வரும்.

கோடு கீறுகிறவர் பிழைவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2018 ஒக்டோபர் காட்டியது. விண்டோஸ் 10இன் அந்த மாத அப்டேற், டொக்யுமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை டி போன்ற வேறு இடத்துக்கு மாற்றியிருந்த சிலரின் பழைய ஃபோல்டரை, அதற்குள் மிச்சமிருந்த கோப்புகளோடு சேர்த்து அழித்தது. வெறும் ஃபோல்டர்களைத் துப்புரவாக்க எழுதிய நிரல் அது. சில நாட்களில் மைக்ரோசொஃப்ட் அந்த அப்டேற்றை நிறுத்தி, திருத்தி, நவம்பரில் திரும்ப வெளியிட்டது. அடிவாங்கினது சியை நம்பாமல் கோப்புகளை வெளியே கொண்டுபோன ஆட்கள்தான்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. பழைய கணினிகளில் புதிதாக ஏதோ ஒன்றைப் போடுகிற வேலை இப்ப பல வீடுகளிலும் சங்க அலுவலகங்களிலும் நடக்கிறது. டி என்பது அதே டிஸ்க்கின் மறுபாதிதான். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்து சாகும். அதனால் கோப்புகளை முதலில் வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுங்கோ. அதோட எழுத்துருக்கள், ஈமெயில், டெஸ்க்டொப்பில் கிடக்கிறவை, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாத்தையும் எடுங்கோ. பிறகு அந்த வெளி டிஸ்க்கை இன்னொரு கணினியில் போட்டு, ஒரு பழைய கடிதத்தைத் திறந்து வாசிச்சுப் பாருங்கோ. அது தமிழில் தெரிஞ்சால் மட்டும் கடைக்காரரிட்டச் சொல்லுங்கோ: சியில ஒண்டும் இல்லை.