ஒரு நாள் தாண்டினாலும் "அவுட்": ராணுவத்தில் சேர வயசு எவ்வளவு? முழு விவரம்

சேலம்: விடிகாலை 5 மணிக்கு சேலம் காந்தி ஸ்டேடியம் பக்கம் போனாலும் சரி, ஆத்தூர், ராசிபுரம் ரோட்டில் போனாலும் சரி, அரை டவுசரும் பனியனுமாக வாலிபர்கள் ஓடிக் கொண்டிருப்பதைப் பார்க்கலாம். லாரி பட்டறை, கோழிப்பண்ணை, விசைத்தறி, சேகோ ஆலை என்று வேலைக்குப் போகும் பையன்களும் இதில் உண்டு. எல்லோருக்கும் ஒரே கனவு, மிலிட்டரி. 1.6 கிலோ மீட்டர் ஓட்டத்துக்கு மூச்சு வாங்கப் பயிற்சி எடுக்கிறார்கள். ஆனால் வயசுக் கணக்கில் பலர் கோட்டை விட்டு விடுகிறார்கள்.

சிப்பாய் வேலைக்கு என்ன வயசு?

முன்பெல்லாம் பொதுப்பணி சிப்பாய்க்கு 17½ வயசு முதல் 21 வரை. டெக்னிக்கல், கிளார்க், டிரேட்ஸ்மேன் பிரிவுக்கு 23 வரை. 2022-ம் ஆண்டு ஜூன் 14-ந்தேதி மத்திய அரசு 'அக்னிபாத்' திட்டத்தை அறிவித்தது. எல்லா பிரிவுக்கும் 17½ முதல் 21 என்று ஆக்கி விட்டார்கள். பணி 4 ஆண்டு மட்டும். அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் தொடர்ந்து பணியில் வைத்துக் கொள்ளப்படுவார்கள்.

இந்த வரம்பு அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடியது. அதனால் "எனக்கு 21 தானே ஆகுது" என்று வாய்க்கணக்கு போடக்கூடாது. ஒவ்வொரு அறிவிப்பிலும், இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். 2025-ம் ஆண்டு தேர்வுக்கு 1.10.2004 முதல் 1.4.2008 வரை பிறந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. 30.9.2004-ல் பிறந்தவருக்கு? வாய்ப்பு இல்லை. ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம்!

சாதி வாரியாக தளர்வு உண்டா?

கிடையாது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். போலீஸ் வேலையில் இருப்பது போல ராணுவத்திலும் இருக்கும் என்று நினைத்து விடுகிறார்கள். தமிழ்நாடு 2-ம் நிலை காவலர் தேர்வில் பொதுப்பிரிவுக்கு 26 வயசு, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 28, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 31 என்று தளர்வு உண்டு. எல்லைப் பாதுகாப்பு படை, சி.ஆர்.பி.எப். போன்ற துணை ராணுவத்தில் காவலர் வேலைக்கு 18 முதல் 23. அங்கும் ஓ.பி.சி.க்கு 3 ஆண்டு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டு கூடுதல். ராணுவ சிப்பாய் தேர்வில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

கொரோனாவில் போன வயசு

வயசு வரம்பு எவ்வளவு கறாரானது என்பதை 2020 முதல் 2022 வரை நம் பையன்கள் அனுபவித்தார்கள். கொரோனாவால் 2 ஆண்டாக ஆள்சேர்ப்பு முடங்கியது. உடல் தகுதி, மருத்துவ சோதனை எல்லாம் முடித்து, எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களும் உண்டு. காத்திருந்தபோதே வயசு ஓடி விட்டது. அக்னிபாத் வந்ததும் பழைய ஆள்சேர்ப்பு ரத்தாகி, எல்லாம் முதலில் இருந்து என்றானது. நாடு முழுவதும் போராட்டம் வெடித்தது. சென்னையிலும் இளைஞர்கள் திரண்டார்கள். இரண்டே நாளில் அரசு இறங்கி வந்து, அந்த 2022-ம் ஆண்டுக்கு மட்டும் 23 வயசு வரை அனுமதித்தது.

அதுவும் போதாது என்று கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. டெல்லி ஐகோர்ட்டு 27.2.2023 அன்று திட்டம் செல்லும் என்றது. சுப்ரீம் கோர்ட்டும் 10.4.2023 அன்று அப்பீலைத் தள்ளுபடி செய்தது. தேர்வில் ஒரு கட்டம் தாண்டி விட்டதாலேயே வேலை நமக்கு உரிமை ஆகி விடாது என்பதுதான் இதில் பாடம்.

17 வயசு பையனை சண்டைக்கு அனுப்புவார்களா?

தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. பயப்பட வேண்டாம். குழந்தைகளைப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்ற ஐ.நா. ஒப்பந்தத்தை இந்தியா 2005-ல் ஏற்றுக் கொண்டுள்ளது. சேர்ந்து பயிற்சி முடித்தாலும், 18 வயசு நிறைந்த பிறகே களத்துக்கு அனுப்புவோம் என்று அப்போது எழுதிக் கொடுத்திருக்கிறது. 18 நிறையாதவர் என்றால் விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

21 தாண்டி விட்டதா?

கதவு முழுசாக அடைபடவில்லை. டிகிரி முடித்தவர்கள் சி.டி.எஸ். தேர்வு எழுதி, சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் 25 வயசு வரை சேரலாம். பெண்களும் எழுதலாம். என்ஜினீயரிங் முடித்தவர்களுக்கு 20 முதல் 27 வரை தனி வழி இருக்கிறது. பிளஸ்-2 படிக்கும்போதே அதிகாரி ஆக ஆசை என்றால் என்.டி.ஏ. தேர்வு, 16½ முதல் 19½ வயசு. சொந்த வேலையைப் பார்த்துக் கொண்டே நாட்டுக்கும் சேவை செய்யும் பிராந்திய ராணுவத்தில் 18 முதல் 42 வரை. இதன் மெட்ராஸ் பட்டாலியன் ஒன்று கோவையிலேயே இருக்கிறது.

அக்னிவீரராக 4 ஆண்டு முடித்து வெளியே வருபவர்களுக்கு துணை ராணுவத்தில் சேர 3 ஆண்டு வயசு தளர்வு, முதல் அணிக்கு 5 ஆண்டு என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது.

மார்க் ஷீட்டை எடுங்க

கிராமத்தில் அந்தக் காலத்தில், தலைக்கு மேல் கையைச் சுற்றி காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக் கொள்வார்கள். வாத்தியார் போட்டதுதான் பிறந்த தேதி. இப்போது பிறப்பு சான்றிதழ் இருக்கிறது. ஆனாலும் அதில் ஒரு தேதி, பள்ளியில் ஒரு தேதி என்று வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. ராணுவத்தில் பார்ப்பது 10-ம் வகுப்பு சான்றிதழில் உள்ள தேதியைத்தான். சீக்கிரம் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வயசு கூட்டிப் போட்டிருந்தால், கடைசியில் ஒரு வாய்ப்பு குறைந்து போகும். ஆதாரிலும் அதே தேதி, அதே பெயர் இருக்க வேண்டும். தப்பு இருந்தால் 10-ம் வகுப்பு பொதுத்தேர்வுக்கு முன்பே பள்ளியில் சொல்லித் திருத்தி விடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு திருத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

சேலம், நாமக்கல் மாவட்டங்கள் கோவை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகின்றன. விண்ணப்பம் ராணுவத்தின் இணையதளத்தில் மட்டும்தான். 2023-ல் இருந்து முதலில் கம்ப்யூட்டர் தேர்வு, பிறகுதான் ஓட்டம். "வயசைக் குறைத்து சேர்த்து விடுகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். போலி சான்றிதழில் சேர்ந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

ஓடுகிற கால் ஓடட்டும். இன்றைக்கு ராத்திரியே பீரோவைத் திறந்து மார்க் ஷீட்டில் உள்ள தேதியை ஒரு தடவை பார்த்து விடுங்கள்.