விஸ்கான்சின் மான் வேட்டைப் பருவம்: ஒரு குடும்ப வழக்கத்தின் வரலாறு

அமெரிக்காவின் வடபகுதியில், பேரேரிகளை ஒட்டி அமைந்துள்ள மாநிலம் விஸ்கான்சின். இங்கு ஆண்டுதோறும் நவம்பரில், நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாட்கள் துப்பாக்கியால் மான் வேட்டையாட அரசு அனுமதிக்கிறது. வேட்டையாடப்படுவது வெள்ளைவால் மான். ஓடும்போது வாலைத் தூக்கி அதன் அடிப்புற வெண்மையைக் காட்டுவதால் இப்பெயர் பெற்றது.

இதை வேட்டை என்று மட்டும் சொன்னால் பாதி சொன்னதாகவே ஆகும். தாத்தா, மகன், மகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் கூடும் நாட்கள் இவை. சிறு பிள்ளையை எந்த வயதில் காட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்ற கேள்வி அங்கே சட்டமன்றம் வரை சென்றிருக்கிறது. அந்தக் கேள்வியின் பின்னணியைப் புரிந்துகொள்ள முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

அரசனின் மான், மக்களின் மான்

இங்கிலாந்தில் மான் அரசனுக்கும் பெருநிலக்கிழார்களுக்கும் உரியது. 1723இல் இயற்றப்பட்ட கறுப்புச் சட்டத்தின்படி, முகத்தில் கரி பூசியோ மாறுவேடத்திலோ ஆயுதத்துடன் மான் காட்டில் நுழைந்தவனுக்கு மரண தண்டனை விதிக்க முடியும். அங்கிருந்து கடல் கடந்து குடியேறிய எளிய உழவர்களுக்கு, மானைத் தம் வீட்டு உணவுக்காக வேட்டையாடலாம் என்பது புதிய உரிமையாக இருந்தது. காட்டு விலங்குகள் மக்கள் அனைவருக்கும் பொது, அரசு அவற்றின் காவலன் மட்டுமே என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டின் நீதிமன்றத் தீர்ப்புகளில் உறுதிப்பட்டது.

குடியேறியவர்களுக்கு முன்பே அந்தக் காடுகளில் வாழ்ந்தவர்கள் ஒஜிப்வே முதலான பழங்குடியினர். பிள்ளை முதன்முதலில் வீழ்த்திய விலங்கின் இறைச்சியைப் பிறருடன் பகிர்ந்து விருந்து வைப்பது ஒஜிப்வே மக்களின் மரபு. 1837, 1842ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின் மூலம் அவர்கள் தங்கள் நிலத்தைக் கொடுத்தாலும் அங்கு வேட்டையாடும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த உரிமை இன்றும் செல்லும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது.

மான் அருகிய காலம்

எல்லார்க்கும் பொதுவான சொத்து விரைவில் யாருக்கும் இல்லாமல் போகும் நிலை வந்தது. 18ஆம் நூற்றாண்டிலேயே மான்தோல் பெரும் ஏற்றுமதிப் பொருளாக இருந்தது. பண்டமாற்றில் தோலே பணமாகப் புழங்கியது. டாலரைப் பேச்சு வழக்கில் ‘பக்’ என்று சொல்வது ஆண்மானைக் குறிக்கும் அதே சொல்லிலிருந்து வந்தது என்பர்.

19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்ததும் நிலைமை மேலும் மோசமானது. வடக்குக் காடுகளில் கொல்லப்பட்ட மான்கள் வண்டி வண்டியாகச் சிகாகோ, மில்வாக்கி நகரச் சந்தைகளுக்குச் சென்றன. அதே காலத்தில் மரம் வெட்டும் தொழிலால் பைன் காடுகளும் அழிந்தன. 1900 வாக்கில் நாடு முழுவதிலும் எஞ்சிய வெள்ளைவால் மான்கள் ஏறத்தாழ ஐந்து லட்சமே என மதிப்பிடுகின்றனர்.

உரிமமும் வரியும்

இந்த வீழ்ச்சியைத் தடுக்கவே ‘பருவம்’ என்ற ஏற்பாடு வலுப்பெற்றது. விஸ்கான்சின் 1851இலேயே வேட்டைக்குத் தடைக்காலம் விதித்தது. 1897இல் உரிமம் கட்டாயமானது. உள்மாநிலத்தவர் கட்டிய தொகை ஒரு டாலர். 1900இல் வந்த லேசி சட்டம், முறைகேடாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்று விற்பதைத் தடுத்தது. இதனால் சந்தை வேட்டை ஒடுங்கியது. 1925 முதல் 1935 வரை, ஒற்றைப்படை ஆண்டுகளில் விஸ்கான்சினில் மான் வேட்டையே நடைபெறவில்லை.

1937இல் இயற்றப்பட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் மற்றொரு திருப்பம். வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி, விலங்குகளை மீட்கும் பணிக்கு மாநிலங்களிடையே பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 3 கோடி வெள்ளைவால் மான்கள் உள்ளன. மானைக் காக்கும் செலவில் பெரும்பங்கை மானைச் சுடுபவரே ஏற்கிறார் என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஏற்பாடு அப்படித்தான் இயங்குகிறது. வேட்டையாடுவோர் எண்ணிக்கை குறைந்தால் காடு காக்கும் நிதியும் குறையும். குழந்தைகளை இளமையிலேயே இதில் ஈடுபடுத்த அரசுத் துறைகள் ஆர்வம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகாமில் குழந்தை

வேட்டைக் குடும்பங்கள் தங்கும் மரக்குடிலை ‘மான் முகாம்’ என்பர். தொடக்க காலத்தில் இது ஆண்களின் உலகம். வீட்டில் விடப்பட்ட மனைவியரைக் கேலியாக ‘மான் விதவைகள்’ என்று அழைத்து, அந்த வார இறுதியில் அவர்களுக்காகக் கடைகள் தள்ளுபடி விற்பனை நடத்துவதும் உண்டு. பிற்காலத்தில் பெண்களும் சிறுமியரும் காட்டுக்கு வரத் தொடங்கினர்.

குழந்தை முதல் ஆண்டிலேயே துப்பாக்கி ஏந்துவதில்லை. விறகு எடுத்துத் தருவது, பனியில் பதிந்த குளம்படியைப் பார்த்து மான் சென்ற திசையைச் சொல்வது, பரணில் தந்தையின் அருகே அசையாமல் அமர்ந்திருப்பது ஆகியவையே அதன் தொடக்கப் பாடங்கள். விடியுமுன் எழ வேண்டும். கடுங்குளிரில் பேசாமல் காத்திருக்க வேண்டும். பல நாட்கள் ஒரு மானும் கண்ணில் படாது. இரவில் அடுப்பங்கரையில் பெரியவர்கள் பழங்கதைகளைச் சொல்வர். குறி தவறியவரின் சட்டை நுனியை வெட்டிச் சுவரில் மாட்டும் வேடிக்கை வழக்கமும் பல முகாம்களில் உண்டு.

பிற மாநிலங்களில் பள்ளிகளும் இதற்கு இடம் கொடுத்தன. பென்சில்வேனியாவில் 1963 முதல் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை பருவம் தொடங்கும். பல பள்ளிகள் அன்று விடுமுறை அளித்தன. 2019இல் தொடக்க நாள் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டபோது, அரை நூற்றாண்டுப் பழக்கம் போனதே என்று பலர் வருந்தினர்.

பேம்பியும் லியோபோல்டும்

குழந்தைகளுக்கு மானைப் பற்றி வேறொரு படிப்பினையும் கிடைத்தது. 1942இல் வால்ட் டிஸ்னியின் ‘பேம்பி’ திரைப்படம் வெளிவந்தது. தாய்மான் வேட்டைக்காரனுக்குப் பலியாகும் காட்சி ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்தது. வேட்டையாடுவோர் அப்படத்தை எதிர்த்தனர். அதன் மூல நாவலை எழுதிய ஆஸ்திரிய எழுத்தாளர் ஃபெலிக்ஸ் சால்டன் தாமே ஒரு வேட்டைக்காரர் என்பது பலர் அறியாத செய்தி.

அடுத்த ஆண்டே விஸ்கான்சினில் எதிர்த்திசையில் ஒரு குரல் எழுந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியரும் சூழலியலாளருமான ஆல்டோ லியோபோல்ட், மான்கள் அளவுக்கு மீறிப் பெருகி இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிட்டதால் காடும் அழிகிறது, குளிர்காலத்தில் மான்களும் பட்டினியால் சாகின்றன என்று எடுத்துரைத்தார். பெண்மான்களையும் வேட்டையாட வேண்டும் என்றார். 1943 பருவத்தில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் கொல்லப்பட்டன. மக்கள் கொதித்தனர், லியோபோல்ட் கடுமையாகத் தூற்றப்பட்டார். பெண்மானைக் கொல்வது பாவம் என்று முப்பது ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்டவர்களுக்கு அவர் சொன்ன கணக்கு எளிதில் ஏறவில்லை. 1948இல் அவர் மறைந்தபோதும் அந்த வாதம் ஓயவில்லை.

எந்த வயதில்?

பாதுகாப்புப் பயிற்சியை இளையோருக்கு முதன்முதலில் கட்டாயமாக்கியது நியூயார்க் மாநிலம், ஆண்டு 1949. விஸ்கான்சினில், 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் தனியே உரிமம் பெற இப்பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 1980 முதல் பளிச்சிடும் ஆரஞ்சு நிற உடை கட்டாயமானது. இத்தகைய விதிகளால் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன.

2009இல், வழிகாட்டி ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பத்து வயதிலேயே வேட்டையாடலாம் என்று சட்டம் வந்தது. 2017இல் அந்த வயது வரம்பும் நீக்கப்பட்டது. பிள்ளையின் முதிர்ச்சியைப் பெற்றோரே அறிவர், அரசு அல்ல என்பது ஆதரித்தவர்களின் வாதம். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைக்குச் சாவு என்றால் என்னவென்றே புரியாது, துப்பாக்கியின் கனத்தையே தாங்காது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அந்தப் பருவத்தில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகளின் பெயரிலும் பத்து உரிமங்கள் வாங்கப்பட்டன. தொட்டில் குழந்தை வேட்டையாடாது என்பது வெளிப்படை. ஆனால் சட்டம் அதைத் தடுக்கவில்லை.

தட்டுக்கு வரும் இறைச்சி

இன்றைய குடும்பங்களுக்குப் புதிய கவலைகளும் உண்டு. ஈயத் தோட்டா சிதறி நுண்துகள்களாக இறைச்சியில் கலப்பது தெரியவந்ததும், கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் அத்தகைய இறைச்சியை உண்ண வேண்டாம் என்று வடக்கு டகோட்டா சுகாதாரத் துறை 2008இல் அறிவுறுத்தியது. செம்புத் தோட்டாவுக்கு மாறினால் இந்தச் சிக்கல் நீங்கும். மானின் மூளையைச் சிதைத்து உடலை உருக்கும் கொல்லி நோய் ஒன்று 2002இல் விஸ்கான்சினில் கண்டறியப்பட்டது. அது மனிதருக்குத் தொற்றியதாக உறுதி செய்யப்படவில்லை. எனினும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்கின்றனர் மருத்துவ வல்லுநர்கள். பரிசோதனை முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் காத்து வைக்கும் வீடுகள் பல.

வேட்டையாடுவோர் தொகை குறைந்து வருகிறது. 1990 வாக்கில் விஸ்கான்சினில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் துப்பாக்கி உரிமம் பெற்றனர். இன்று அது ஏறத்தாழ ஐந்தரை லட்சம். நகர வாழ்வு, நேரமின்மை, நிலம் கிடைக்காமை எனக் காரணங்கள் பல.

வேட்டை சரியா தவறா என்பதில் வாசகர்கள் வேறுபடலாம். ஆனால் மேற்கண்ட வரலாற்றில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மானைத் தோலாகவும் சந்தைச் சரக்காகவும் மட்டும் பார்த்த தலைமுறை அதைக் கிட்டத்தட்ட அழித்தது. நாளும் அளவும் விதித்து, அந்த விதியைப் பிள்ளைகளுக்கும் கற்பித்த தலைமுறைகள் அதை மீட்டன. ஆகவே, பரணில் அமரும் சிறுவன் கற்க வேண்டிய முதல் பாடம் எப்போது சுடக் கூடாது என்பதே. அதைப் புரிந்துகொள்ளும் வயது எது என்பதைத்தான் அந்த மாநிலம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது.