கடல் கடந்த ஒரு பிடில் மெட்டு



ஒரு மெட்டுக்குச் சொந்தக்காரர் யார்? அதை உண்டாக்கியவரா, வாசிக்கிறவரா, காதால் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்கிறவரா? இதற்கு விடை தேட, ஒரு பழைய பிடில் மெட்டின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பிடில் என்று நம்ம பெரியவங்க சொல்வது வயலினைத்தான்.

அயர்லாந்து நாட்டில் ஊர்மக்கள் கூடி ஆடுவதற்கென்று வாசிக்கும் மெட்டுகளில் ஒரு வகைக்கு 'ரீல்' என்று பெயர். வேகமான நாலெண்ணிக்கைத் தாளம். ஒரு சிறு பகுதியை வாசித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போவார்கள். எல்லாம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அத்தகைய ரீல்களில் புகழ்பெற்ற ஒன்றுதான் 'லார்ட் மக்டொனால்டு'.

பெயரைக் கேட்டாலே இதன் பிறந்த வீடு ஸ்காட்லாந்து என்று தெரிந்துவிடும். அந்நாட்டின் ஸ்கை தீவில் நிலம் உடையவர், 1776-இல் பிரபு பட்டம் பெற்ற அலெக்ஸாண்டர் மக்டொனால்டு. அவர் தாமே பிடில் வாசிப்பவர். இந்த மெட்டை இயற்றியவர் அவர்தான் என்பது நெடுநாள் வழக்கு.

பிரபு வீட்டுப் பிள்ளை ஏழை வீட்டுக்கு எப்படி வந்தது? அயர்லாந்தின் வடமேற்கே உள்ள டோனிகால் மக்கள் வறுமையால் ஆண்டுதோறும் ஸ்காட்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அறுவடை செய்தார்கள், உருளைக்கிழங்கு தோண்டினார்கள். திரும்பி வரும்போது கூலிக் காசோடு புதுப் புது மெட்டுகளையும் கொண்டு வந்தார்கள். ஸ்காட்லாந்து ரீல்கள் பல அயர்லாந்தில் குடியேறிய வழிகளில் இதுவும் ஒன்று.

வந்த மெட்டு வந்தபடியே இருக்கவில்லை. அயர்லாந்துக்காரர்கள் அதற்குப் புதிய பகுதிகளைச் சேர்த்தார்கள். ஒரு சுரத்தைச் சுற்றி மேலும் கீழும் விரலை உருட்டி அழகு செய்தார்கள். நம் சங்கீதத்தின் கமகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அமெரிக்காவுக்குப் போன கிளையோ 'தோல் காற்சட்டை' என்று வேறு பெயரே வாங்கிக்கொண்டது! அங்கே பாஞ்சோ வாத்தியத்தோடு கூட்டுச் சேர்ந்து அது வேறொரு நடை பழகியது.

1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் கொடிய பஞ்சம். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அதன் பிறகும் கப்பல்கள் ஓயவில்லை. ஸ்லைகோ மாவட்டத்தில் 1891-இல் பிறந்த மைக்கேல் கோல்மன் என்ற பிடில் கலைஞரும் 1914-இல் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் அவர் வாசித்த இந்த ரீல் இசைத்தட்டாக வெளிவந்தது. அவருடைய தட்டுகள் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போய், இளைஞர்கள் அவர் பாணியையே பழகினார்கள். நன்மைதான், ஆனால் ஊருக்கு ஊர் இருந்த தனிப் பாணிகள் பல தேய்ந்துபோயின.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். சிகாகோ நகரில் 1901 முதல் 1905 வரை போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீல், குடியேறிய அயர்லாந்துக்காரர்களின் நினைவிலிருந்த மெட்டுகளைத் தேடித் திரட்டினார். அவருக்குச் சுரம் எழுதத் தெரியாது. ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொரு போலீஸ்காரர் எழுதிக் கொடுத்தார். 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட பெருநூல் வெளிவந்தது!

நமக்கும் இதற்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது! திருவாரூரில் பிறந்து 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்காரர்களின் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டு சுரம்' என்பது அவைதாம். அவற்றில் 'ஜகதீச குருகுஹ' என்பது இதே மக்டொனால்டு ரீல்! அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரே நம் இசைக்குப் பிடிலைக் கொண்டு வந்தவர் எனப் போற்றப்படுகிறார். ஆட்டத்துக்குப் பிறந்த மெட்டு இறைவன் துதியாகவும் ஆகிவிட்டது பாருங்கள்.

ஆகவே, மெட்டுக்குச் சொந்தக்காரர் அதை மறக்காமல் அடுத்தவருக்குக் கொடுக்கிறவரே என்பது என் துணிபு. எழுதாத பாட்டு, பாட்டியோடு போய்விடும். மாணவர்களே! உங்கள் வீட்டில் பாட்டி பாடும் தாலாட்டு எத்தனை, கும்மி எத்தனை? ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். இன்றே உட்கார்ந்து கேளுங்கள், எழுதுங்கள்!