செல்லரித்த ஏடும் முக்குறுணி நெல்லும்

தீபாராதனை முடிந்ததும் ஓதுவார் தாளத்தைத் தட்டித் தேவாரம் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் காவிரிக்கரையில் ஊர் ஊராக நடந்து பாடியது அது. எத்தனை வாய் மாறி நம் காதுக்கு வந்திருக்கும்! வழியில் எதுவும் உதிரவில்லையா?

உதிர்ந்தது என்று சைவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதை இது: நம்பியாண்டார் நம்பியின் வழிகாட்டலில் சோழ மன்னன் தில்லைக்கு வருகிறான். தேவார ஏடுகள் பூட்டிக் கிடக்கும் அறை, சம்பந்தர், அப்பர் உள்ளிட்டுப் பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறக்கும் என்கிறார்கள் அங்குள்ளவர்கள். மூவரின் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்கிறான் மன்னன். கதவு திறந்தால் உள்ளே ஏடுகள் மேல் கறையான் புற்று! எண்ணெய் வார்த்துப் புற்றைக் கரைத்து, மிஞ்சியதை எடுத்தார்கள்.

ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதை எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்ணிடம் கேட்டுப் பெற்றார்களாம். ஏட்டைக் கறையான் தின்றது. இசையை ஒரு குரல் காப்பாற்றியது.

ஆனால் பாட்டு ஒருபோதும் நின்றுவிடவில்லை. ராஜராஜ சோழனுக்கு நூறாண்டுக்கு மேல் முந்திய 9ஆம் நூற்றாண்டுத் திருவல்லம் கல்வெட்டே திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகம், பாடுவோரைக் குறிப்பிடுகிறது.

ராஜராஜன் செய்தது வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் 48 பாடகர்கள், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என 50 பேரை அமர்த்தினான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல், அதாவது கலத்தில் கால் பங்கு. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்த இடம் நெருங்கிய உறவினருக்கு. அவருக்குப் பாடத் தெரியாவிட்டால்? தெரிந்த ஒருவரைப் பாட வைத்தால்தான் நெல். பரம்பரை மட்டும் போதாது, பாடிக் காட்ட வேண்டும் என்கிறது கல்.

அந்தக் காவல் இல்லாத இடத்தில் நடந்ததைப் பார்க்க சயாமுக்குப் போகலாம். மாணிக்கவாசகரின் திருவெம்பாவை கடல் கடந்து பாங்காக் அரசவைப் பிராமணர்களிடம் போய்ச் சேர்ந்தது. விழாவின் பெயர் திரியம்பாவாய். ஒலி தேய்ந்தும் திரிந்தும் நிலைத்தது. பாடுவோருக்குப் பொருள் மறந்துபோயிற்று.

யூதர்கள் இதே கவலைக்கு வேறு வழி கண்டார்கள். மோசேயிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் என்று குரு பரம்பரையை வரிசையாகச் சொல்வதோடு நிற்கவில்லை. திபேரியாவின் மசோரா அறிஞர்கள் வேதத்தின் சொற்களையும் எழுத்துகளையும் எண்ணி வைத்தார்கள். 1947இல் சாக்கடல் குகையில் அந்த மசோராப் பிரதிகளைவிட ஆயிரம் ஆண்டு பழைய ஏசாயா சுருள் கிடைத்தது. சிறு வேறுபாடுகள் இருந்தன. நூல் பெரும்பாலும் அதேதான்.

அதற்கு முப்பது ஆண்டு முன்பே நமக்கும் அப்படியொரு சோதனை வாய்த்தது. திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்க் கோயில் சுவரில், எந்த ஏட்டிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று 1917-18 வாக்கில் கண்டெடுக்கப்பட்டது. கறையான் கதை ஒன்றும் வெறும் கதையல்ல போலும்!

வழிவழி வந்தது என்பதாலேயே எல்லாம் முழுமையாக வந்துவிடாது. வந்ததை ஏடும் கல்லும் குரலும் ஒன்றையொன்று சரிபார்த்த இடத்தில் அதை நம்பலாம். சுவரில் தப்பிய அந்தப் பதிகத்துக்கு இன்று அச்சுத் தேவாரத்திலும் இடம் உண்டு.