சேர்வராயன் மலையில் மே மாதம்
ஏற்காட்டுக் கோடை முகாம்களில் பிள்ளைகள் கயிறேறுகிறார்கள், இரவில் தீமூட்டிப் பாடுகிறார்கள். இந்த வழக்கத்தின் ஒரு வேர் நியூயார்க் மாநிலத்தில் இருக்கு. 1885-இல் ஒய்.எம்.சி.ஏ.காரரான சம்னர் டட்லி, ஏழு பையன்களோடு ஆரஞ்சு ஏரிக்கரையில் கூடாரம் போட்டார். அதே சங்கத்தின் ஹாரி பக், 1920-இல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சி நிலையம் தொடங்கினார். அதுதான் இன்றைய நந்தனம் கல்லூரி. விளையாட்டுச் சொல்லித்தர இங்கேயே ஆள் தயாரானது.

சரி, மலையை யார் சொல்லித்தருவது?

சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் மலைக்காரர்கள். உச்சியில் இருக்கிற குகைக்கோயிலில் சேர்வராயனுக்கு அவர்கள் எடுக்கும் திருவிழாவும் மே மாதம்தான். நான் பார்த்த ஒரு முகாமின் அட்டவணையில் அந்தத் திருவிழா இல்லை. அந்த மலைக்காரர் ஒருவர் அங்கே சமையலுக்கு இருந்தார். ஒருநாள் அவரையே வழிகாட்டச் சொல்லியிருக்கலாம்.